செருப்பைக் கழற்றாமல்

மொர்வான் மலையில் கைவிட்ட கல்குவாரி.
செப்டம்பர், காலை ஒன்பது.
எழுபது மீட்டரில் நிற்கும் அட்டையைத்
தருவதா வேண்டாமா என்று
மூடுபனி இன்னும் யோசிக்கிறது.

கீஸ்லேன் என்னைவிடப் பதினோரு வயது இளையவள்,
ஆம்புலன்ஸ் ஓட்டுபவள். துப்பாக்கி அவளுடையது.
ஸ்ட்ரெச்சர் தூக்கித் தோள் பிசகியதால்
சுடுவது முழுக்க நான்.
அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவள்,
ஆகவே நோட்டும் நான்தான்:
மருந்து எத்தனை கிராம், எந்த ரவை,
எந்தப் பக்கம், எத்தனை விரற்கடை.

வாய்வழியாகக் கெட்டிக்கிற ரகம் இது.
மருந்து, அதன்மேல் ரவை,
அப்புறம் கோலை இறக்கி
போதும் என்று குழல் சொல்லும்வரை அழுத்து.
வெடிக்கு ஒருமுறை எச்சில் தொட்ட துணியால் துடை.
புகை வந்ததும் தீபாவளி என்று எழுதக் கை போகிறது.
இல்லை. அவித்த முட்டையோடு
பஸ்ஸில் மறந்துவிட்ட டிபன் டப்பா.

முழு ஈயம், ஐந்து கிராம்:
மூன்று ஓட்டை, மூன்றும் மூன்று ஊர்.
ஐந்தரை: மூலையில் ஒன்று, மற்றதைக் காணோம்.
"இந்தக் குழலுக்கு ஈயம் பிடிக்கவில்லை" என்றாள்,
சம்பந்தம் பேசப் போய்த் திரும்பியவள்போல.

பிறகு சபோக்களை எடுத்தாள்.
சபோ என்றால் இவர்கள் மொழியில் மரச்செருப்பு.
இது பிளாஸ்டிக், நாலு இதழ்.
குழலுக்கு மெலிந்த ரவைக்கு மாட்டிவிடுவது.
உள்ளே வரிகளைப் பற்றிச் சுழலும்வரை வேண்டும்,
வெளியே வந்தால் வேண்டாம்.
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
வாசலில் கழற்றிவிட்டு
வெறுங்காலோடு போகிறது ரவை.
காரைக்காலில் சாவு வீட்டுக்கும்
அப்படித்தான் போவோம்.

புல்லில் கிடந்தவற்றைக் குனிந்து பொறுக்கினோம்.
ஆறரை கிராமுக்கு இதழ் கிழிந்திருந்தது.
ஐந்தரைக்குப் பூசணிப்பூபோல
நாலும் முழுசாக விரிந்திருந்தது.
அட்டையிலும் மூன்று ரவை
ஒரு பிஸ்கட்டுக்குள் அடங்கின.
நாலாவது, நாலு விரல் கீழே.
மறுபடி இரண்டு சரி. மறுபடி ஒன்று கீழே.

சபோவைச் சந்தேகித்தோம். காற்றை, குழலின் சூட்டை,
மருந்தில் ஏறிய ஈரத்தை, செய்த கம்பெனியை.
நோட்டில் எல்லார் பேரும் ஏறியது,
என் பேரைத் தவிர.

பதினேழாவது முறை
அவள் வண்டியில் பிறந்த குழந்தையின் கதை ஓடிக்கொண்டிருந்தது.
(சுங்கச்சாவடியில் சில்லறை தேடும்போதே அழுகைச் சத்தமாம்.)
சிரித்துக்கொண்டே ரவையைக் கெட்டித்தேன்,
கேப்பு வைத்தேன், மூச்சை நிறுத்தினேன், விசை.

டப்.

புகையில்லை. உதையில்லை.
விதிப்படி ஒரு நிமிடம் அட்டையையே பார்த்து எண்ணினோம்.
மருந்து போட மறந்திருக்கிறேன்.
ஆனால் அந்த டப்புக்கே
குழலின் வாய் கீழே குனிந்ததை
இரண்டு பேரும் பார்த்துவிட்டோம்.

ஊசி இன்னும் தொடவில்லை,
கை முந்திக்கொண்டு இழுபடும்.
தினம் இருபது பேரிடம் பார்க்கிறேன்,
"ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்கிறேன்.

கீஸ்லேன் எதுவும் பேசாமல் திருகைத் தேடினாள்.
பின்னடைப்பைக் கழற்றிக் கோலால் தள்ளினோம்.
வாசல்வரை வந்தும் செருப்பைக் கழற்றாமல்
உள்ளங்கையில் விழுந்தது ரவை.
கொஞ்சம் கரி. மற்றபடி புதுசு.

நோட்டின் கடைசி வரி:
ஐந்தரை கிராம், சபோ, எழுபது மீட்டர்.
எழுபதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினேன்.

நவம்பரில் மான்
நாற்பத்தொன்றில் வந்து நின்றால்
கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு
நானும் நிற்க வேண்டியதுதான்.