இன்னும் புதன்கிழமைதான்

யாகோதா கேட்டது ஆறு தட்டு.
கல்யாணத்துக்கு வேறொன்றும் வேண்டாமாம்.
சின்ன வயதில் சூப் குடித்த
அதே நீல மயில்கண் தட்டு,
விளிம்பில் பச்சைப் புள்ளி ஓடுவது.
எண்ணினால் ஆறு இருக்கத்தான் செய்கிறது:
என் அலமாரியில் மூன்று,
லெக்னிட்சாவின் மறுகோடியில்
வித்தோல்டின் அலமாரியில் மூன்று.

குயவனுக்குப் பல நாள், தடிகாரனுக்கு ஒரு நொடி.
நீதிமன்றத்தில் எங்களுக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.
தட்டுகளைப் பிரிக்கத்தான்
ஒரு ஞாயிறு முழுக்கத் தேவைப்பட்டது.

அந்தப் பழசை அவளுக்குக் கொடுக்க முடியாது.
என்னுடைய ஒன்றில் முட்கரண்டி இழுத்த சாம்பல் கோடு.
அவனுடைய ஒன்று, விசாரித்துவிட்டேன்,
பூந்தொட்டிக்கு அடியில் கிடக்கிறது.
பதினோரு வருடமாக. ஜெரேனியம்.

ஆகவே பொலெஸ்வாவ்யெட்ஸ் போகிறோம், சனிக்கிழமை.
காலையில் போய் மாலையில் திரும்புவது.
எனக்கு ரயில்தான் பிடிக்கும்,
ஜன்னலோரம் கிடைத்தால் யாரோடும் பேச வேண்டாம்.
ஆனால் ஆறு தட்டையும் ஒரு சூப் பாத்திரத்தையும்
(அவள் கேட்கவில்லை, நானே முடிவு செய்துவிட்டேன்)
மடியில் வைத்துக்கொண்டு வர முடியுமா?
கார் அவனிடம் இருக்கிறது.

தொலைபேசியில் ஒன்றே முக்கால் மணி நேரம்.
சேர்ந்திருந்த கடைசி வருடம் முழுக்க
இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.
அவன் நெடுஞ்சாலை என்றான், நான் பழைய சாலை என்றேன்.
அவன் ஏழு மணிக்குக் கிளம்பலாம் என்றான்,
பூட்டிய கதவைப் பார்க்கவா என்றேன்.
முதலில் தொழிற்சாலைக் கடையா,
சந்துக்குள்ளிருக்கும் பட்டறைகளா?
பெரிய கல்பாலத்தடியில் வண்டியை நிறுத்தலாம்,
பக்கத்திலேயே ஆறு என்றான்.
எந்த ஆறு என்று கேட்டுவிட்டேன்.
தண்ணீர் ஓடுகிற ஆறு, என்றான்.

பிறகு இரண்டாம் தரத்தில் வந்து நின்றது பேச்சு.
மெருகில் ஊசிமுனை அளவு ஒரு குழி,
அச்சு ஒரு மயிரிழை விலகியிருக்கும், அவ்வளவுதானே,
பாதி விலை, சூப்புக்கு என்ன தெரியும்?
கல்யாணத்துக்கா, என்றேன்.
நமக்கு முதல் தரம்தான் கொடுத்தார்கள், என்றான்.

நான் பட்டியலில்
பழைய செய்தித்தாள் என்று எழுதினேன்.
கீழே கோடும் போட்டேன்.

மாதிரிக்கு ஒன்று வேண்டும்,
ஒவ்வொரு சூளைக்கும் நீலம் மாறும்.
உன்னுடையதை எடுத்து வா என்றான்.
என்னுடையது மங்கல், இயந்திரத்தில் கழுவுகிறேன்.
என்னுடையதைக் கையால்தான் கழுவுகிறேன், என்றான்
(முன்பு எதைத்தான் கழுவினான்?)
கடைசியில் ஆளுக்கு மூன்றும் எடுத்து வருவதென்று முடிவு.
ஆறும் ஒரே டிக்கியில்,
குளியல் துண்டுகளுக்குள், ஒன்றின் மேல் ஒன்றாக.

வைப்பதற்கு முன் சொன்னான்:
தொட்டித் தட்டை வினிகரில் ஊறப்போட்டிருக்கிறேன்.
எதற்கு?
அதுவும் மாதிரிதானே.
வளையம் போகுமா?
கொஞ்சம் போயிருக்கிறது.
ஜெரேனியத்துக்கு?
பிளாஸ்டிக் மூடி.

மதியச் சாப்பாட்டை இருவரும் எடுக்கவே இல்லை.
உணவகம் என்றால் எதிரெதிரே உட்கார வேண்டும்,
பரிமாறுபவள் பொதுவாக ஒரு பில் வைப்பாள்.
ரொட்டி கட்டிவிடுகிறேன், பன்றித் துண்டு வைத்து.
இப்போதும் கடுகு தொட்டுக்கொள்வானா, தெரியாது.
சின்னப் புட்டியைப் பையில் போடுகிறேன்.
வெளியே எடுக்கிறேன், துண்டில் கசிந்துவிட்டால்?
ரொட்டியிலேயே தடவிவிடலாம்,
ஆனால் அது கேட்காமல் செய்ததாகிவிடும்.

மணி பன்னிரண்டே கால்.
பையை மேசை மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.
இன்னும் புதன்கிழமைதான்.