செவ்வாய்க்கிழமை ஐஸ்

தேமா துறைமுகத்தில் நாங்கள் கடை விரித்தபோது
என் மடிக்கணினியில் நான்கு கட்டங்கள் இருந்தன.
பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்.
கடைசிக் கட்டத்தில் ஒரே ஒரு பெயர்:
டெடெய் ஓடார்ட்டே.
தகரக் கூரை, ஓர் இயந்திரம், பதினொரு ஆட்கள்.
அச்சுறுத்தல் என்று எழுதவே கூச்சமாக இருந்தது.
பக்கத்தில் ‘சிறியது’ என்று சேர்த்துக்கொண்டேன்.

நாங்களோ குமாசியிலிருந்து வந்த பணம்.
மூன்று இயந்திரங்கள்,
லாரி நிற்கும் அளவுக்குக் குளிர் அறை,
இரவு பகல் பாராத ஓட்டம்.
யாருக்கு விற்போம் என்று கேட்டார் தலைவர் ஓஃபோரி.
எல்லாருக்கும் என்றேன்.
மேசையைச் சுற்றிக் கைதட்டல்.

படகுக்குக் கட்டி, விடுதிக்குச் சில்லு,
மருந்துக்கடைக்குப் பொட்டலம்,
சனிக்கிழமை இழவு வீடுகளுக்கு
லாரி லாரியாக.
விலை அவளுடையதைவிடக் கால்வாசி குறைவு.
ஆறு வாரம் தாங்குவாள் என்பது என் கணக்கு.

ஏழாவது வாரம்
பின்னிரவு மூன்று மணிக்கு
அவள் வாசலில் வேவு பார்க்க நின்றேன்.
விடுதியின் வெள்ளை வேன்.
கொள்முதல்காரர் பணத்தை எண்ணி நீட்டுகிறார்.
“இரண்டு மடங்கு தருகிறேன்.”
“ஐஸ் இருக்கிறது,” என்றாள் டெடெய்,
“உங்களுக்கு இல்லை.”
அவர் திட்டிக்கொண்டே
நேராக எங்களிடம் வந்தார்.
புது வாடிக்கையாளர் என்று அன்றே குறித்தேன்,
தேதி போட்டு, அடிக்கோடிட்டு.

அவருக்குக் கண்ணாடி போன்ற கட்டிகள் வேண்டும்,
அறுபது நாள் கடனில்.
அதற்கொரு இயந்திரம் வாங்கினோம்.
மருந்துக்கடைக்கு இன்னொன்று.
ஒரு காலை எடுத்து வைத்தபின்தான்
மறுகால் எங்கே நிற்கிறதென்று தேடினோம்.

அவள் செய்ததை நான் தாமதமாக அறிந்தேன்.
நாற்பத்தாறு படகுகளின் வயிற்றைக்
கயிறு பிடித்து அளந்திருக்கிறாள்.
அந்த அளவுக்கு அச்சு வார்த்திருக்கிறாள்.
மீன் வந்தால் பணம்,
வராவிட்டால் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு.
தராசில் நிற்பவள் மீன் வாங்குபவர்களின் நாத்தனார்;
எந்தப் படகு கிளம்பும், எது கிளம்பாது என்று
நள்ளிரவுக்கு முன்பே தெரியும்.
‘தனித்திறன்’ என்ற சொல்
எங்கள் அறிக்கையில் பதினேழு இடத்தில் வருகிறது.
அவள் சுவரில் ஒரு இடத்திலும் இல்லை.

இன்னும் விலையைக் குறைத்தோம்.
படகுக்காரர்கள் வந்தார்கள், இரண்டு வாரம்.
எங்கள் கட்டி அவர்கள் பெட்டியில் அடங்கவில்லை.
கோடாலியால் பிளந்தார்கள்.
பிளந்தது கரை திரும்புமுன் கரைந்தது,
மீனின் கண் கலங்கிப்போனது.
மறுபடி அவளிடமே போனார்கள்.
அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை,
ஒரு பெசேவா குறைக்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கரையில்
யாரும் வலை வீசுவதில்லை.
கடலுக்கு ஓய்வு என்பார்கள்.
அன்று அவள் இயந்திரத்தைத் திறந்து போட்டு
எண்ணெய் விடுகிறார்கள்,
கூலியோடு தூங்குகிறார்கள் பதினொரு பேரில் ஒன்பது பேர்.
எங்களுடையது ஓடுகிறது.
ஓடுவதற்குத்தானே வங்கி கடன் கொடுத்தது?
வாங்க ஆளில்லாத ஐஸ்
பின்கதவுச் சாக்கடையில் சொட்டுவதை
நின்று கேட்டேன்.
மலிவான ஐஸ்.
கரைவதில் மட்டும் விலை வித்தியாசம் இல்லை.

காலாண்டுக் கூட்டம்.
நான்கு கட்டங்களை மறுபடி திறந்தேன்.
கீழே ஐந்தாவதாக ஒன்றை வரைந்தேன்:
செய்யப்போகாதவை.
திரையில் அது வெறுமையாகக் கிடந்தது,
குறிமுள் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டு.

எதை நிறுத்தலாம் என்று கேட்டேன்.
உடனே பதில்கள் வந்தன, நல்ல பதில்கள்,
ஆளுக்கு ஒன்று.
ஒவ்வொருவரும்
அடுத்தவர் பிரிவைச் சொன்னார்கள்.

ஓஃபோரி கடிகாரத்தைப் பார்த்தார்.
விடுதியிலிருந்து தொலைபேசி.
இந்த மாதம் தொண்ணூறு நாள் கடன் முடியுமா
என்று கேட்கிறார்களாம்.