கணக்கில் வராத அறைகள்

தஞ்சோங் பூங்காவில்
ஒரு லோட்டை இரண்டாகப் பிரித்தவர்கள் உண்டு.
டத்தோ குணாளன் இரண்டை ஒன்றாக்கினார்.
நடுவில் நின்ற வேலி
என் கணினியில் ஒரு கோடு.
அழிக்க அரை விநாடி.

இத்தனை மனைக்கு இத்தனை வீடு,
விதி அவ்வளவுதான்.
மாடி மாடியாகச் சதுர அடியைக் கூட்டி
மனையால் வகுத்தால்
புள்ளிக்குப் பின்னால் வருகிற எண்
வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.
எங்கள் எண் கத்தியது.

"பெயரை மாத்தும்மா" என்றார் ஆர்க்கிடெக்ட்.

நிலத்தடி கணக்கில் வராது:
சினிமாக் கூடம் மண்ணுக்குள் இறங்கி
பம்பு அறை ஆனது.
பால்கனி வரும், பூந்தொட்டி வராது:
ஆகவே பூந்தொட்டி.
தரையில்லாத இடம் வெற்றிடம்;
பிறகு அங்கே தரை முளைத்தால்
அது கட்டுபவர் பாடு.
மொட்டைமாடியில், குளிர்சாதனத்தோடு,
கடலைப் பார்க்கிற முப்பதடிக்கு
'ஸ்டோர்' என்று எழுதினேன்.
எழுத்தின் உயரம் இரண்டு மில்லிமீட்டர்.

குடியிருக்கப் போவது மூன்று பேர்.
அதில் ஒருவர் மெல்பர்னில்.

மாநகர் மன்றத்துப் புவான் ரொஹைடா
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான்
பிளானைப் படிப்பார்.
"இந்தப் பூந்தொட்டி பதினாலடி அகலம்.
என்ன செடி?"
கறிவேப்பிலை என்றேன், யோசிக்காமல்.
அவர் சிரிக்கவில்லை.
"என் வீட்டிலும் இருக்கிறது. மைலோ டின்னில்."
சிவப்பு மையில் தொட்டியைச் சுற்றி ஒரு வட்டம்.
அவர் விரல் ஸ்டோரைக் கடந்து போனது,
திரும்பி வந்து நின்றது,
மறுபடி கடந்து போனது.

ஆட்சேபம் சொல்லப்
பக்கத்து வீட்டுக்கு இருபத்தொரு நாள்.
இருபதாம் நாள் வந்தது கடிதம்.
மிஸ் சியா, ஓய்வுபெற்ற நர்ஸ்,
மலாயில், பேனாவால்:
'உயரக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது.
காலை பத்து மணிக்கும் என் அடுப்படியில்
விளக்குப் போட வேண்டி வரும்.'
கையெழுத்து. அடையாள அட்டை எண்.

படிவத்தைப் புரட்டினேன்.
எல்லைக்கல்லிலிருந்து சுவர் எவ்வளவு தூரம், கேட்கிறது.
மழைநீர் எந்த வழி போகும், கேட்கிறது.
கார் நிற்க ஆறு இடம்.
நிழல் யார் மேல் விழும் என்பதற்கு
ஒரு கட்டம்கூட இல்லை.
மூலையில் வடக்கைக் காட்டும் அம்பு மட்டும்,
நான் வரைந்தது,
யாரையோ குத்தப் போவதுபோல.

அன்றிரவு பாயா தெருபோங், பதினேழாம் மாடி.
எங்கள் ஹாலும் பெயர் மாற்றும்.
ஆறு மணிக்குத் தம்பி மகளின் டியூஷன்,
எட்டுக்குச் சாப்பாடு,
பத்துக்கு மெத்தையை விரித்தால்
என் அறை.
வெளியே நடைபாதையில், செருப்பு வைக்க,
அரையடி நீட்டி ஒரு இரும்புக் கதவு போட்டிருந்தோம்.
அதில் செருகியிருந்தது நோட்டீஸ்.
அதே மன்றம், அதே முத்திரை.
பதினாலு நாளில் அகற்றவும்.
நாங்கள் மறுநாளே அகற்றினோம்.

தொட்டியை நாலடியாக்கினேன்.
கூட்டம் நடந்தது.
மிஸ் சியாவின் கடிதம்
'கவனத்தில் கொள்ளப்பட்டது'.
இரண்டு வருடம் சிமெண்ட் லாரி ஏறி இறங்கியது.
குடிபுகும் சான்றிதழ் வந்த மறுவாரம்
கண்ணாடிக்காரன் வந்தான் என்று கேள்வி.

போன வியாழன்
விட்டுப்போன ஒரு கையெழுத்துக்காகப் போனேன்.
வாசலில் பெல்லை அழுத்திவிட்டு
மேலே பார்த்தேன்.
ஸ்டோரில் சரவிளக்கு எரிந்தது.
சுவருக்கு அந்தப் பக்கம்
ஒரு குழாய்விளக்கு,
வாணலியில் ஏதோ வதங்கும் சத்தம்.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

காலை பத்து இருபது.