உத்தேசக் கணக்கு

அமிர்தகழியில் முப்பத்தெட்டாவது வீடு.
மீற்றர் தட்டின் சிவப்புக் கோடு
சுற்றி வந்து என்னைப் பார்த்த நேரம்
நெஞ்சு கழன்றது.
வேறு சொல் இல்லை.
கை விறைத்தது, வெயில் எங்கோ தூரப் போனது,
இப்போது சாகிறேன் என்று தெளிவாகத் தெரிந்தது.
மணி பத்து இருபது. வீட்டுக்காரி
குழம்புக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் மூன்று தரம் ஈசிஜி.
மூன்று தரமும் என் இதயம்
நல்ல பிள்ளையாய்க் கையெழுத்துப் போட்டது.

பிறகு பாலம் போனது.
கல்லடியிலிருந்து டவுனுக்குப் போகாத முதல் நாள்
பஸ்ஸில் சனம் என்று சொன்னேன்.
பிறகு சந்தி போனது. பிறகு கடை.
கடைசியில் கேற்றுக் கொளுக்கி
என் நாட்டின் எல்லை.

சண்டையாலா, சுனாமியாலா என்று கேட்டார்கள்.
இரண்டும் என்னிடம் உண்டு.
இந்த ஒழுங்கையில் யாரிடம் இல்லை?
ஆனால் அன்றைக்கு வந்தது இரண்டும் அல்ல.
அன்றைக்கு ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான்.
மாமி மூன்று இடத்தில் நூல் கட்டுவித்தாள்.
கறுத்து நைந்து இன்னும் கையில் கிடக்கிறது.
கழற்றச் சொல்லி டொக்டர் சொல்லவில்லை.

டொக்டர் தந்தது செர்ட்ரலின். முதலில் பாதி.
"முதல் கிழமை கூடினாப்போல இருக்கும், விட்டுடாதீங்க."
கூடியது. ஓங்காளித்தேன். விடவில்லை.
நிர்மலகாந்தி குளிசையை உடைத்து
சீனிப் போத்தல் மூடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள்.
மற்றப் பாதி நாளைக்கு.
ஆறாம் கிழமை ஒரு பின்னேரம்
றேடியோவில் செய்தி முழுவதும் கேட்டிருக்கிறேன் என்று
செய்தி முடிந்த பிறகுதான் தெரிந்தது.

றிஸ்மியா மிஸ் வந்தது அதற்குப் பிறகு.
சுழல் கதிரையில் வைத்து என்னைச் சுழற்றினா.
தலை கிறுகியது. "இது என்ன?"
சாவு, என்றேன்.
"இல்ல. கதிரை."
ஸ்ட்ரோவால் மூச்சு விடச் சொன்னா.
நின்ற இடத்தில் ஓடச் சொன்னா.
கொப்பியில் நடுவே ஒரு கோடு:
இந்தப் பக்கம், என்ன நடக்கும், பயம் நூற்றுக்கு எத்தனை.
அந்தப் பக்கம், என்ன நடந்தது.

கேற்று: மயங்கி விழுவேன், எண்பது. விழவில்லை.
கேற்று, மறுநாள்: எழுபது. நுளம்பு கடித்தது.
சந்தி: தொண்ணூறு. கடையில் மாவு முடிந்திருந்தது.
சந்தி, ஒன்பதாம் தரம்: இருபது. அலுத்துப்போனது.
"அலுக்க வேணும்," என்றா மிஸ்,
"அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

பாலத்துக்கு முதல் தரம் தண்ணிப் போத்தல்,
சேட்டுப் பைக்குள் அவசரக் குளிசை,
பின்னால் சைக்கிளில் நிர்மலகாந்தி.
ஒவ்வொன்றாய் மிஸ் பிடுங்கி எடுத்தா.
கடைசியாய் நிர்மலகாந்தியை.

பழைய பாலத்தின் நடுவில்
எழுபத்தைந்து.
கம்பி நடுங்கியது, அல்லது நான்.
தூண்டில்காரன் ஒருவன் திரும்பாமலே சொன்னான்:
"அண்ண, நிழல் விழுகுது, கொஞ்சம் தள்ளுங்க."
தள்ளினேன். அறுபது.
அவன் வாளிக்குள் ஒரு செப்பலி துள்ளி அடங்கியது.
நாற்பது.
நான் ஒன்றும் செய்யவில்லை.
நின்றேன்.
வடிந்தது.

போன மாதம் அமிர்தகழி.
குளிசை போட்டுத்தான் போனேன், இப்போது முழுசு,
இன்னும் ஒரு வருசத்துக்கு.
முப்பத்தெட்டாவது வீட்டுக்காரி கேற்றிலேயே பிடித்தாள்:
"எட்டு மாசமா ஒருத்தரும் வந்து பாக்காம
உத்தேசமாப் போட்டு அனுப்புறீங்க.
வீடு பூட்டிக் கிடந்த மாசமும்
ரெண்டாயிரத்துச் சொச்சம்!"
ஓமக்கா, என்றேன்.
அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.
நெஞ்சு ஒரு தரம் தட்டிப் பார்த்தது.
குனிந்து, கண்ணாடித் தூசைப் பெருவிரலால் துடைத்து,
உள்ளதை எழுதினேன்.

"அடுத்த வீட்டுல நாய அவிட்டு விட்டிருக்கு, கவனம்."
நல்ல பயம்.
கல் ஒன்று பொறுக்கிக்கொண்டேன்.