பின்பக்கம்

லேசர் வெட்டிய பலகை.
இருநூற்று ஐம்பத்தாறு துளையிலும் கருகல் வாசனை.
துக்குதுக்கு தனியாள் வேலையில்லை.
முன்னால் ஙாஹுயா
(நம் அரிச்சுவடியில் சும்மா கிடக்கும் ங
இவள் பெயரில் முதல் ஆளாய் நிற்கிறது),
பின்னால் தாஃபாய்.
சனிக்கிழமை ரக்பியிலிருந்து பேச்சில்லை.

திரையில் தப்பினால் ஒரு பொத்தான், அழிந்துவிடும்.
செம்புக் கம்பிக்கோ வாய் வேண்டியிருக்கிறது.

"இழு."

"இழுடா. மெல்ல."

"ம்."

மூன்றாம் பீரியடில் மின்சாரம்.
போவுதாமா, மூதாதையர் பின்னிய படிக்கட்டு,
துளைதோறும் பச்சையாய் எரிந்தது.

"இடமிருந்து வலம் ஏறுது" என்றாள்.
"பொய். இறங்குது."

பார்த்துவிட இருவரும் ஒரே நேரத்தில்
பக்கம் மாறப் போய்
பலகையோரம் தோள் இடித்தது.

முதலில் சிரித்தது யார் என்று
இப்போது புதுச் சண்டை.