அடிக்குறிப்பு மூன்று

ரீகாவில், ஏழாவது மாடியில்,
நாட்டின் பிறப்புகளைக் கூட்டுவது என் வேலை.
கூட்டுவது என்பது பேச்சுக்கு.
பதினைந்து வருடமாகக் கழித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கிழக்கு எல்லையில் ஒரு மாவட்டம்,
மாதம் முழுக்க ஒன்பது பிறப்பு.
அதையும் "ஆயிரத்துக்கு இத்தனை" என்றே எழுதுகிறோம்.
ஆயிரம் சேர அந்த ஊர்
எத்தனை குளிர்காலம் விழித்திருக்க வேண்டுமோ.
நாரைகளை எண்ண வேறு துறை இருக்கிறது.
அவை பெருகிவருவதாகக் கேள்வி.

என் அட்டவணையில் மூன்று பத்திகள்.
பிறந்து, மூச்சு விட்டு, அடங்கிய குழந்தை
இரண்டில் வரும்:
பிறந்தோரில் ஒருமுறை, இறந்தோரில் ஒருமுறை.
மூச்சே விடாதது மூன்றாவதில் மட்டும்.
ஒரு மூச்சுக்கு ஒரு பத்தி தூரம்.
நாலு சென்டிமீட்டர் இருக்கும், அளந்திருக்கிறேன்.

மார்ச் மாதம், பனி சேறாகும் ஒரு செவ்வாய்,
ஸ்கைத்ரீதெ என்பவர் வந்தார்.
பேருந்தில் நாலு மணி நேரம். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு
கம்பளிக் காலுறையோடு நின்றார்.
எண்பத்து நாலாம் வருடத்துப் புத்தகம் வேண்டும் என்றார்.
எந்தப் பக்கம் என்றேன்.
"என் பையன் இருக்கிற பக்கம்."

கைப்பையிலிருந்து எடுத்தார்:
ஆரஞ்சு மெழுகுத்துணியில் இரண்டு விரல் அகலத் துண்டு,
ஓரத்தில் முடிச்சவிழாத கட்டுநூல்.
மங்கிய ஊதாப் பென்சிலில்
தாயின் குடும்பப் பெயர். ஆண். காலை 3.20.
940.

அன்றைய அரசின் கணக்கை அவருக்குச் சொன்னேன்,
தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.
ஆயிரம் கிராமுக்குக் கீழே பிறந்தது
ஏழு நாள் தாண்டினால்தான் பிள்ளை.
அதற்குள் போய்விட்டால்
பிறக்கவும் இல்லை, இறக்கவும் இல்லை.
கருச்சிதைவு.

"நாலு நாள் இருந்தான்," என்றார்.
"சொட்டுக் குழாயில் பால் குடித்தான்.
கருச்சிதைவு பால் குடிக்குமா, அம்மா?"

அழவில்லை. விலை கேட்பதுபோல்தான் கேட்டார்.

வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்.
சிசு மரணக் கோடு சரிந்து வந்து
கொடி மாறிய காலத்தில் திடீரென்று ஏறும்.
புதிதாக வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள்:
அந்த வருடம் என்ன, கொள்ளைநோயா?
இல்லை, தராசுதான் மாறியது என்பேன்.
சாவு கூடவில்லை.
செத்தவர்களை உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான்.

அவர் விரல் அந்த மேட்டில் நிற்கவில்லை.
இடப்பக்கம் நகர்ந்தது,
கோடு தாழ்ந்து அழகாக ஓடுகிற எண்பதுகளுக்கு.
"இங்கே எவ்வளவு நன்றாக இருந்திருக்கிறோம்,"
என்று சிரித்தார்.

கடைசியில் கீழே கிடந்ததைப் படித்துக் காட்டினேன்.
குறிப்பு மூன்று: வரையறை மாறியதால்
முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட இயலாது.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே பிடித்து
தானே ஒருமுறை படித்தார்.
"ஒப்பிட இயலாது," என்றார்.
பிறகு, "அது சரிதான்."

அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று கேட்டார்.
கட்டணம் முப்பது சென்ட்.
வாங்க மறுத்தேன், மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
மெழுகுத்துணியை
தாளை நாலாய் மடித்து அதற்குள் வைத்திருந்தார்.

இந்த வருடப் புத்தகம் போன வாரம் அச்சுக்குப் போனது.
பிறப்பு குறைவு; சிசு மரணமும் குறைவு.
முன்னுரையில் இரண்டாவதுக்கு மட்டும் மகிழ்ச்சி.
மூன்றாவது பத்தியைப் பற்றி முன்னுரையில் வரியில்லை.

நான் செய்தது ஒன்றுதான்.
குறிப்பு மூன்றின் எழுத்தை
ஏழிலிருந்து பத்துக்கு ஏற்றினேன்.

குந்தார்ஸ் பக்க அமைப்பைப் பார்த்துவிட்டு
மாடியிலிருந்து கத்தினார்:
"நாற்பத்தொன்றாம் பக்கம் ஏன் வழிகிறது?
ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போகிறதே."

போகட்டும் என்றேன்.