பத்து மணியில் ஒரு சிவப்புப் புள்ளி

எரிவெல்டன் கொண்டுவந்த மூன்றாவது ஸ்பீக்கர் இது.
துண்டில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்தி
ஈரக் குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தான்.
கிஷாடாவில் உச்சிவெயில். தெருமுனை வரை பாறைகள்.
பிக்கப்பின் பின்கதவு திறந்தே கிடந்தது;
உள்ளே ஒரு வட்ட இருட்டு,
பல் பிடுங்கிய இடம்.

முதல் தடவை சொன்னான்:
"ஆம்ப் சின்னது, தல்வனீரா. அதான் செத்துப்போச்சு."
சக்தி பத்தாவிட்டால் ஸ்பீக்கர் பட்டினியில் சாகுமாம்,
ஆம்ப் விற்கிறவன் சொல்லியிருக்கிறான்.
பட்டினியில் செத்த செப்புக்கம்பியை
பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.
அதோ, அலமாரி மேல் இருக்கிற எண்ணூறு வாட் ஸ்பீக்கரைப்
பத்து வாட் ரேடியோவில் மாட்டியிருக்கிறேன்.
மழை நிலவரமும் ஆட்டு விலையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது.
இளைக்கவில்லை.

கேட்டானா? ஆயிரத்தைந்நூறு வாட் வாங்கினான்.
பெட்டி மேல் மூவாயிரம் என்று போட்டிருந்தது.
அது, தும்மும்போது மட்டும்
ஒரு மனிதனுக்கு வரும் வேகம்.

இரண்டாம் தடவை:
"ஆம்ப் பெரிசு, தல்வனீரா. அதான் செத்துப்போச்சு."
சின்னதும் கொன்றது, பெரிசும் கொன்றது.
இவன் மட்டும் இரண்டு தடவையும்
ஊரிலேயே இல்லை.

இன்று கத்தியால் ஓரத்தைக் கீறிக் கூம்பைத் தூக்கினேன்.
வாடைதான் முதலில் வரும்:
கருகிய வார்னிஷ், கொஞ்சம் பசை, அடிப்பிடித்த பாத்திரம்.
கூம்பு கிழிந்திருந்தால், தாங்காத தூரம் குதித்திருக்கிறது.
சுருளில் ஒரு பக்கம் மட்டும் உரசியிருந்தால்
யாரோ கீழே போட்டிருக்கிறார்கள்.
இது சுற்றிலும் ஒரே கறுப்பு.
சூடு.

கம்பிக்கு வாட் கணக்கெல்லாம் தெரியாது.
எவ்வளவு சூடு, எத்தனை நேரம்,
நடுவில் மூச்சுவிட விட்டார்களா, அவ்வளவுதான்.
பாட்டு ஏறி இறங்கும்; இறங்கும்போது கம்பி ஆறும்.
ஆம்பைக் கதறவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு
மலை மேசையாகிவிடும்.
மேசை மேல் நிழல் ஏது?

"எங்கே வைத்திருந்தாய்?"
"எப்பவும் வைக்கிற இடத்துலதான்."
நான் வண்டிக்குள் தலையை விட்டேன்.
கெய்ன் குமிழைச் சுற்றிப் பேனாக் கோடுகள்,
கடிகார முகம்போல.
பத்து மணி. பதினொன்றே கால். ஒன்றரை. மூன்று.
அது சத்தம் கூட்டுகிற குமிழே இல்லை என்று
போன தடவையும் சொல்லியிருந்தேன்.

"ஸ்பீக்கர் மாசத்துக்கு மாசம் சோர்ந்துபோகுது," என்றான்.
"புதுசுல இருந்த சத்தம் வரலை.
அதான் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன்."
கிரானைட் உடைக்கும் ஆலையில் பன்னிரண்டு வருஷமாக வேலை அவனுக்கு.
சட்டை மடிப்பில் இன்னமும் அந்தத் தூசி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பசை காய ஒரு நாள் வேண்டும், நாளைக்கு வா என்றேன்.

வந்தான். மாட்டினேன்.
தாழ்ந்த ஸ்வரம் ஒன்றை மெல்ல விட்டேன்.
டப்பாவில் திருகாணிகள் நடுங்கின.
என் தம்ளர் தண்ணீரில் வளையம் மேல் வளையம்.
பக்கத்துக் கடை நாய் எழுந்து, எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு
தெருவைக் கடந்து போயிற்று.

எரிவெல்டன் கைகட்டி நின்றான், பொறுமையாக.
"எப்பப் போடுவ?" என்று கேட்டான்.

பையிலிருந்து நகப்பூச்சை எடுத்தேன்.
குமிழைப் பத்து மணிக்குத் திருப்பி
சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன்.
"இதைத் தாண்டாதே," என்றேன்.

அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.